வாயுக் குழாய்க்குள் ஒரு சீவல்

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பே அனல்மின் நிலையத்திலிருந்து தாராவிப் பக்கம் வரும் உயர் மின்னழுத்தத்தைக் கையாள இடம் வேண்டும். அதுதான் அங்கே அரிது. 220 கிலோவோல்ட் கம்பிகளுக்குத் திறந்தவெளியில் மீட்டர் கணக்கில் இடைவெளி தேவை. சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு வாயுவை அழுத்தி அடைத்த உலோகக் குழாய்க்குள் சென்டிமீட்டர் கணக்கே போதும்.

எப்படி?

மின்புலம் விரட்டும் எலக்ட்ரான், வழியில் மோதி மேலும் எலக்ட்ரான்களை உதிர்க்கும். அது பெருகினால் மின்பொறி. இந்த வாயுவோ எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் தாங்குதிறன் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு.

ஆனால் பொருத்தும்போது உதிர்ந்த சில மில்லிமீட்டர் உலோகச் சீவல் போதும், காப்பு குலைய. மின்புலத்தில் அது எழுந்து துள்ளும். அதன் முனையில் புலம் குவிந்து சிறு மின்னிறக்கங்கள் தொடங்கும். அவை எழுப்பும் ரேடியோ அலைகளை உணரிகள் முன்கூட்டியே பிடிக்கின்றன.

கசிவும் கூடாது: இவ்வாயு, நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 23,500 மடங்கு புவியைச் சூடாக்கும்.