சீருடைக்குப் பின்னே ஒரு குடும்பம்

சுங்கை ஊடாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு டெரண்டாக் முகாம் புதியதன்று. 1950களின் பிற்பகுதியில் காமன்வெல்த் படைகளுக்கென அமைக்கப்பட்ட இம்முகாமில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், நியூசிலாந்து வீரர்கள் தத்தம் குடும்பங்களுடன் தங்கியிருந்தனர். இன்று அது நம் நாட்டு இராணுவத்தின் முகாம். அங்குள்ள மயானம் நாம் அறியவேண்டிய ஒரு செய்தியைச் சொல்கிறது.

வியட்நாம் போருக்கு ஆஸ்திரேலியா ஏறத்தாழ 60,000 பேரை அனுப்பியது. அவர்களுள் பலர் பிறந்தநாள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட இளைஞர்கள். 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1966 ஜனவரிக்கு முன்னர் உடலைத் தாயகம் கொண்டுசெல்லும் செலவை அரசு ஏற்கவில்லை. ஆகவே சிலர் டெரண்டாக்கில் அடக்கம் செய்யப்பட்டனர்.

போரை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அது அவர்கள் உரிமை. ஆனால் சிலருடைய சினம் போரை முடிவு செய்தவர்களை விட்டு, போருக்கு அனுப்பப்பட்டவர்கள்மீது பாய்ந்தது. வீடு திரும்பிய வீரர்கள் பலர் சீருடையை மறைத்து நடமாடியதாகக் கூறினர். குடும்பத்தாரும் ஏச்சுக்கு ஆளாயினர்.

போரை எதிர்த்தோர் அனைவரும் அப்படி நடந்துகொண்டனரா? இல்லை. 'நம் மைந்தரைக் காப்போம்' என 1965இல் அமைப்புக் கண்ட தாய்மார்கள் கட்டாயப் படைச் சேர்ப்பையே எதிர்த்தனர். 1971இல் மெல்பர்னில் அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். அவர்கள் வீரர்களை வெறுக்கவில்லை. பிள்ளைகளின் உயிருக்காகவே வாதாடினர்.

1987 அக்டோபர் 3ஆம் நாள் சிட்னியில் வரவேற்பு ஊர்வலம் நடந்தது. காலம் கடந்த நன்றி அது. 2016 ஜூனில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதைக்கப்பட்டிருந்த 33 ஆஸ்திரேலியரின் உடல்கள் தாயகம் சேர்ந்தன. அவற்றுள் வீரர்களின் குடும்பத்தினர் உடல்களும் இருந்தன. அரை நூற்றாண்டு காத்திருந்த உறவினரின் துயரத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் படையில் சேருகிறார்கள். படைவீரரை ஆதரிப்பது என்றால் அரசின் ஒவ்வொரு முடிவையும் புகழ்வதன்று. முடிவைக் குறைகூற வேண்டுமாயின், முடிவு செய்வோரிடம் கூறுவோம். மகன் எல்லையில் இருக்கையில், லயத்தில் தனித்திருக்கும் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். மருமகளுக்கு விண்ணப்பத் தாளை நிரப்பித் தருவோம். அவ்வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் எவரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வோம். இவையே உண்மையான ஆதரவு. அதனை அவர்கள் உயிரோடிருக்கும்போதே காட்டுவோம்.