எண் யார் பெயரில்?

சொந்தப் பொறுப்பில் புஸ்தகம் போடும் வழக்கம் தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. டாக்டர் சாமிநாதையரவர்கள் 1887-ல் சீவகசிந்தாமணியை வெளியிட்டபோது, பிரசுரகர்த்தர் எவரும் பணப்பையுடன் அவர்கள் வாசலில் வந்து நிற்கவில்லை. அன்பர்களிடம் கையொப்பம் சேர்த்துத்தான் அந்நூலை அச்சிட்டார்கள். இன்று அவ்விதம் நூல் வெளியிடுவோருக்கு அக்காலத்தில் இல்லாத சந்தேகம் ஒன்று உண்டாகிறது. பின்னட்டையில் கறுப்புக் கோடுகளோடு பதின்மூன்று இலக்கங்கள் காணப்படுகின்றன அல்லவா? அந்த எண்ணைத் தம் பெயரிலேயே பெற வேண்டுமா, அல்லது அச்சிட்டுக் கொடுப்போர் தரும் எண்ணோடு திருப்தியடைந்துவிடலாமா என்பதே அந்தச் சந்தேகம்.

ஐ.எஸ்.பி.என். என்று வழங்கும் இந்த எண் முறை, 1960-களில் இங்கிலாந்தில் புஸ்தக வியாபாரிகளின் சௌகரியத்துக்காகத் தோன்றி, 1970-ல் சர்வதேச முறையாயிற்று. பத்து இலக்கமாக இருந்தது 2007-ஆம் வருஷத் தொடக்கத்தில் பதின்மூன்றாயிற்று. முதலில் 978 அல்லது 979 நிற்கும். அடுத்தது நாட்டையோ மொழியையோ குறிப்பது. இந்தியாவுக்கு 81, 93 என்பவை வழங்குகின்றன. அதன்பின் பிரசுரகர்த்தருக்குரிய பகுதி; பிறகு நூலுக்குரிய பகுதி. கடைசி இலக்கம் வெறும் காவற்காரன். முதல் பன்னிரண்டையும் மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டி, அத்தொகையோடு எதைச் சேர்த்தால் பத்தின் மடங்காகுமோ அதுவே அவ்விலக்கம். இந்தக் கணக்கை வகுப்பில் கொடுத்தால், பிள்ளைகள் வீட்டிலுள்ள புஸ்தகங்களையெல்லாம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். பின்னட்டையைத் தாண்டி உள்ளேயும் பார்க்கிறார்களா என்பது வேறு விஷயம்!

நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. எண் யார் பெயரில் பதிவாகிறதோ, அவரே பட்டியல்களில் அந்நூலின் பிரசுரகர்த்தர். எழுதியவர் யார், பணம் போட்டவர் யார் என்று எண் விசாரிப்பதில்லை.

எங்கள் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், சேமநிதியில் ஒரு பகுதியைச் செலவிட்டுத் தம் ஊரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். “கையெழுத்துப் பிரதியை மட்டும் கொடுங்கள், ஐயா, மற்றவற்றை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்” என்றார்கள் ஒரு நிறுவனத்தார். எண்ணையும் அவர்களே போட்டார்கள். அதற்கென்று ஒரு தொகையும் வசூலித்தார்கள். இரண்டு வருஷத்தில் பிரதிகள் தீர்ந்தன. வேறோர் அச்சுக்கூடத்தில் குறைந்த செலவில் மறுபடி அச்சிட எண்ணியபோதுதான், பழைய எண்ணை உபயோகிக்க இயலாது, அது நிறுவனத்தாருடையது என்று தெரிந்தது. அவர்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. முடிவில் புது எண் பெற்று அச்சிட்டார். இப்போது அந்த ஒரே நூல் பட்டியல்களில் இரண்டு நூல்களாக நிற்கிறது. தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கிடைக்காத பிரதிதான்!

இதனால் அவருடைய ஆசிரியர் உரிமைக்குக் குறைவில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய மாத்திரத்திலேயே அவ்வுரிமை உண்டாகிவிடுகிறது. எண் அதைத் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. எண் இருந்தால்தான் உரிமை நிலைக்கும் என்று சொல்லிப் பணம் கேட்போர், அறியாமல் சொன்னாலும் அறிந்து சொன்னாலும் நஷ்டம் நமக்குத்தான்.

உண்மையில் “வாங்குவது” என்ற சொல்லே நம் நாட்டுக்குப் பொருந்தாது. மத்திய சர்க்காரின் கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்த ராஜா ராம்மோகன் ராய் தேசீய நிலையம் இதைக் காசு வாங்காமல் கொடுக்கிறது. 2016 முதல் இணையத்தின் மூலமே விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறார்கள். அடையாளச் சான்று முதலிய சிலவற்றை அனுப்ப வேண்டும், அவ்வளவே. இலவசமாகக் கிடைப்பதற்கு ஒருவரிடம் பணமும் கொடுத்து, நம் நூலை அவர் பெயரிலும் பதிவு செய்துகொள்வானேன்?

கனடாவிலும் இது இலவசமே. அமெரிக்காவில்தான் நிஜமான விலை. 2024-ல் அங்கே ஓர் எண்ணுக்கு 125 டாலர். பத்தாக வாங்கினால் 295. அங்கே குடியேறிய என் பழைய மாணவி, குழந்தைகளுக்குத் தமிழ்க் கதைகள் எழுதியிருப்பவள், “என்ன செய்யலாம், ஸார்?” என்று கேட்டிருந்தாள். அமேஸான் நிறுவனம் தன் மூலம் அச்சாகும் புஸ்தகத்துக்கு இலவச எண் தருகிறது. ஆனால் அதை வேறிடத்தில் உபயோகிக்கலாகாது. பிரசுரகர்த்தர் பெயர் இருக்குமிடத்தில் சுயேச்சையாகப் பிரசுரிக்கப்பட்டது என்று மட்டும் காணும். ஒரே புஸ்தகம், அங்கேயே விற்பது என்றால் அதுவே போதும் என்றும், வரிசையாக எழுதும் எண்ணமிருந்தால் பத்தாக வாங்கும்படியும் எழுதினேன். சாதாரண அட்டைக்கு ஒன்று, கெட்டி அட்டைக்கு ஒன்று, திருத்திய பதிப்புக்கு ஒன்று என்று எண்கள் விரைவில் செலவாகிவிடும். மாற்றமின்றி மறுபடி அச்சிடுவதற்கு மட்டும் பழைய எண்ணே போதும். கிண்டிலில் மட்டும் வெளியிடும் மின்னூலுக்கு இது கட்டாயமில்லை.

விற்பனைக்கு வராத புஸ்தகத்துக்கும் எண் எதற்கு? மணிவிழாவில் தாம்பூலத்தோடு கொடுக்கும் பாட்டுப் புஸ்தகத்துக்குக்கூட அதைத் தேடி அலைவோர் உண்டு. அது ஒரு பட்டம் என்று நினைக்கிறார்கள் போலும்.

சொந்தப் பெயரில் பிரசுரித்தால் ஒரு கடமையும் கூடவே வருகிறது. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கல்கத்தா தேசீய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமராவுக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும், நூல் வெளிவந்த முப்பது நாளுக்குள் பிரசுரகர்த்தர் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தபாற்செலவைப் பார்த்துப் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பத்தை, பின்னட்டை அச்சுக்குப் போகுமுன்பே அனுப்பிவிட வேண்டும். எண் வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். வெளியீட்டு விழாவுக்குத் தேதியையும் தலைவரையும் நிச்சயித்துவிட்டுப் பிறகு எண்ணைப் பற்றி யோசிக்கிறவர்கள்தாம், அவசரத்தில் எதிரில் நீட்டப்படும் எண்ணை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.