தூசிப் போர்வையில் மறைந்த முதிய நட்சத்திரங்கள்

நட்சத்திரங்களுக்கும் முதுமை உண்டு. சூரியனை ஒத்த நட்சத்திரமும், அதைவிடச் சில மடங்கு பொருண்மை மிக்கதும், உட்கருவிலுள்ள ஹைட்ரஜன் செலவானபின் பன்மடங்கு விரிந்து சிவப்பு இராட்சத நட்சத்திரமாகின்றன. இறுதிக் காலத்தில் இவை சில நூறு நாட்களுக்கு ஒருமுறை விம்மித் தணிகின்றன. இவ்வாறு மேலே உந்தப்பட்ட வாயு குளிர, அதில் நுண்ணிய தூசி தோன்றுகிறது. நட்சத்திரத்தின் ஒளி அத்தூசியை வெளியே தள்ளுகிறது. தூசி வாயுவையும் உடன் இழுத்துச் செல்கிறது. இழப்பு மிகுந்த நிலையில், சூரியனளவு பொருள் சுமார் 1 லட்சம் ஆண்டுகளில் வெளியேறிவிடும். வானவியலில் இது சொற்பக் காலமே.

லாந்தர் விளக்கின் சிம்னியில் கரி படிந்தால் வெளிச்சம் குறைகிறது, கண்ணாடியோ கொதிக்கிறது. விழுங்கப்பட்ட ஒளி அழியவில்லை, உஷ்ணமாக வெளிவருகிறது. மாணவர்க்கு எளிதிற் காட்டக்கூடிய இதுவே இங்கும் நிகழ்கிறது. சில நூறு டிகிரி உஷ்ணமுள்ள தூசி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. சாதாரணத் தொலைநோக்கியில் ஏறக்குறைய மறைந்துவிட்ட நட்சத்திரம், இக்கதிர்களில் பேரொளியுடன் விளங்கும்.

நமது பால்வீதியில் இத்தகைய நட்சத்திரங்கள் பல உண்டெனினும், அவற்றின் தூரம் பெரும்பாலும் ஐயத்திற்குரியது. தூரம் தெரியாமல் உண்மைப் பிரகாசம் தெரியாது. அது தெரியாமல் தூசியின் அளவையும் கணக்கிட இயலாது. அண்டையிலுள்ள பெரிய மகெல்லன் மேகத்தில் இவ்விடர் இல்லை. அதன் நட்சத்திரங்கள் யாவும் ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. (தென்கோடி இந்தியாவிலிருந்து இம்மேகம் மார்கழி மாத நள்ளிரவில் தென் தொடுவானத்தை ஒட்டித் தெரியும்.)

பூமியின் வாயுமண்டலம் இக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுப்பதால் விண்வெளிக் கருவிகள் தேவைப்பட்டன. 1983-இல் ஐராஸ் துணைக்கோள் இம்மேகத்தையும் ஆராய்ந்தது. 2003-இல் ஏவப்பட்டு 2020 வரை இயங்கிய ஸ்பிட்சர் தொலைநோக்கி மிக நுட்பமாக அளந்தது. 10 மைக்ரான் அலைநீளத்தருகே தோன்றும் அடையாளம் சிலிகேட் தூசியையும், 11.3 மைக்ரான் அடையாளம் சிலிகன் கார்பைடையும் காட்டும். பின்னது கரி மிகுந்த நட்சத்திரத்துக்கு உரியது. இம்முதிய நட்சத்திரங்கள் தரும் தூசியில் பெரும்பங்கு, எண்ணிக்கையில் மிகச் சிலவேயான, மிக அடர்த்தியாகப் போர்த்தப்பட்டவற்றிலிருந்தே வருகிறதென அறியப்பட்டது. எனவே, கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு அடிப்படையிலேயே பிழைபடும்.

இம்மேகத்திலுள்ள டபிள்யூ.ஓ.எச். ஜி64 இன்னும் பருத்த வகையைச் சேர்ந்தது. சிலி நாட்டின் பரானல் ஆய்வுக்கூடத் தொலைநோக்கிகளை இணைத்து எடுத்த இதன் அகச்சிவப்புப் படம் 2024-இல் வெளியாயிற்று. அதில் நட்சத்திரத்தைச் சூழ்ந்த தூசிக்கூடு முட்டை வடிவில் காணப்பட்டது. பொருள் சீறி வெளியேறுவதால் இவ்வடிவம் வந்திருக்கலாம். காணப்படாத துணை நட்சத்திரமொன்று காரணமாயிருக்கலாம் என்றும் கருதுகின்றனர்.