கடுக்காய் நீரில் வெள்ளித் துகள்

பொன்னுக்கு மஞ்சள் நிறமும் வெள்ளிக்கு வெண்மையும் இயல்பு என்பதே நம் எண்ணம். ஆயினும் பொன்னை மிக நுண்ணிய துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் அந்நீர் மாணிக்கச் சிவப்பாகும். வெள்ளியை அவ்வாறு செய்தால் மஞ்சளாகும். மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1857-ஆம் ஆண்டில் இச்சிவப்பு நீரைப்பற்றி விரிவாக எழுதினார். அவர் செய்த நீரில் சில புட்டிகள் இலண்டனிலுள்ள இராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

இத்தகைய துகளை இன்று நானோ துகள் என்கிறோம். ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் கனம் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நானோ துகளோ 100 நானோமீட்டருக்கு உட்பட்டது. சாதாரண உருப்பெருக்கியில் இதன் வடிவத்தைக் காண இயலாது.

நான் விஞ்ஞானி அல்லேன். சோளிங்கரில் வாழும் ஓர் ஆர்வலன். இத்துகளை வீட்டில் ஆக்க முடியுமா என்று எண்ணியபோது, எங்கள் வட்டாரத்துத் தோல் தொழிலே எனக்கு வழிகாட்டிற்று. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது இங்கே பழைய முறை. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருளாகிய டானின், தோலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அது அழுகாமல் காக்கிறது. அதே டானின் வெள்ளி உப்புக்கு எலக்ட்ரான்களை ஈந்து, அதனை வெள்ளி அணுக்களாக மாற்றவும் வல்லது. அணுக்கள் கூடித் துகளாகும்போது, டானினே அவற்றைச் சூழ்ந்து நின்று, மேலும் திரண்டு படியாதவாறு தடுக்கிறது.

கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், மிகச் சிறிதளவு வெள்ளி நைட்ரேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துத் தந்தார். குழாய் நீர் இதற்கு ஆகாது. அதிலுள்ள உப்பு வெள்ளியோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கிவிடும். கையுறை அணிந்து, வடிகட்டிய கடுக்காய்க் கஷாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இளஞ்சூட்டில் சிறிது நேரத்தில் நீர் பழுப்பு கலந்த மஞ்சளாயிற்று.

இனித்தான் உண்மையான கேள்வி. மஞ்சள் நிறம் கடுக்காயின் நிறமாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே வெள்ளி சேராத கஷாயத்தை மற்றொரு குழாயில் ஒப்புநோக்க வைத்திருந்தேன். இருட்டறையில் இரண்டிலும் மெல்லிய ஒளிக்கதிரைச் செலுத்தினேன். நுண்துகள் உள்ள நீரில் கதிரின் பாதை புலப்படும். 1869-இல் டிண்டால் இதனை ஆராய்ந்தார். வெள்ளி நீரில் பாதை பளிச்சென்று தெரிந்தது. வெறும் கஷாயத்திலும் மங்கலாகத் தெரிந்தது! கஷாயத்திலும் துகள் உண்டு. எனவே ஒளிக்கதிர் மட்டும் சான்றாகாது. நண்பர் தம் கல்லூரியின் நிறமாலைக் கருவியில் இரண்டையும் வைத்தபோது, வெள்ளி நீர் மட்டுமே 420 நானோமீட்டருக்கு அருகில் ஊதா ஒளியை மிகுதியாக உட்கொண்டது. நுண்ணிய வெள்ளித் துகளின் அடையாளம் அது. அதன் அளவையும் வடிவையும் அறிய எலக்ட்ரான் உருப்பெருக்கி வேண்டும்.

எஞ்சிய நீரை எங்கே கொட்டுவது? நுண்ணுயிர்களைக் கொல்லும் ஆற்றலுக்காகவே வெள்ளி புண்கட்டுகளில் பயன்படுகிறது. அவ்வாற்றல் மண்ணிலும் நீரிலும் வாழும் உயிர்களுக்குத் தீங்காகலாம். இதனை மருந்தென்று பருகுவதும் தகாது; தொடர்ந்து உட்கொண்டால் தோல் நிரந்தரமாக நீலச்சாம்பல் நிறமாகிவிடக்கூடும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்ததை எங்கள் வட்டாரம் அறியும். வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த அவ்வழக்கில்தான், 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென உரைத்தது. அந்நெறி ஆலைக்கு மட்டுமன்று, அடுக்களை மேசையில் ஆராய்பவனுக்கும் உரியது. நான் எஞ்சிய நீர் முழுவதையும் கழுவிய நீரோடு புட்டியில் அடைத்துப் பெயர் எழுதி, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்தேன். ஆர்வமுள்ள இளைஞர்கள் இச்சோதனையைத் தொடங்கு முன்னரே, அப்புட்டியையும் அதனை ஏற்போரையும் தேடிக்கொள்வார்களாக.