எந்தக் கணிப்பானை வாங்கலாம்?

சில ஆண்டுகளுக்கு முன், மும்பைக் கிளை ஒன்றின் கடன் பிரிவில் நான் பணியாற்றியபோது, வாடிக்கையாளர் ஒருவர் கையில் ஒரு துண்டறிக்கையுடன் வந்தார். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு வண்டி வாங்க ஒரு இலட்சம் ரூபாய் தேவைப்பட்டது. "உங்கள் வங்கி 14 சதவீதம் கேட்கிறது. இவர்கள் 12 சதவீதத்திற்குத் தருகிறார்கள். இத்தனை ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருப்பவனுக்கு இதுதான் மரியாதையா?" என்றார். கோபத்தைவிட வருத்தமே அவர் குரலில் மிகுந்திருந்தது.

துண்டறிக்கையில் மூன்றே செய்திகள் இருந்தன. கடன் 1,00,000 ரூபாய். காலம் 36 மாதம். மாதத் தவணை 3,778 ரூபாய். மேசை இழுப்பறையிலிருந்து என் பழைய நிதிக் கணிப்பானை எடுத்து அம்மூன்று எண்களையும் இட்டு, வட்டிக்குரிய விசையை அழுத்தினேன். மாதத்திற்கு 1.77 சதவீதம் எனத் திரையில் தோன்றியது. ஆண்டுக்கு 21.2 சதவீதம்! மூன்று ஆண்டுகளுக்கும் முழுக் கடன் தொகைக்கே வட்டி கணக்கிட்டு, அதை முதலோடு சேர்த்து 36 ஆல் வகுத்திருந்தார்கள். மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதை அந்தக் கணக்கு கண்டுகொள்ளவில்லை. குறையும் நிலுவைக்கு 14 சதவீதம் வட்டி கேட்ட எங்கள் தவணை 3,418 ரூபாய்தான். மாதம் 360 ரூபாய் வேறுபாடு; 36 மாதங்களில் 12,960 ரூபாய்.

ஆசிரியர் கடன் விண்ணப்பத்தைக் கேட்கவில்லை. "இந்தக் கருவி எங்கே கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்டார். அன்று அவருக்கு நின்றபடியே சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நிதிக் கணிப்பானின் உயிர் ஐந்து விசைகளில் இருக்கிறது. தவணைகளின் எண்ணிக்கை, ஒரு தவணைக் காலத்திற்கான வட்டி விகிதம், இன்றைய மதிப்பு, தவணைத் தொகை, இறுதி மதிப்பு ஆகியவை அவை. நான்கை இட்டால் ஐந்தாவதைக் கருவி தரும். வட்டி விகிதம் தவிர்த்த மற்ற நான்கையும் சூத்திரம் அறிந்தவர் தாளிலேயே கண்டுவிடலாம். வட்டி விகிதத்திற்கு அத்தகைய நேர்ச் சூத்திரம் கிடையாது. ஒரு விகிதத்தை ஊகித்து, சரிபார்த்து, திருத்தி, மீண்டும் ஊகித்துத்தான் அதை நெருங்க முடியும். கடைகளில் பயன்படும் 12 இலக்கக் கணிப்பான் இதைச் செய்யாது. இணையத்தில் காணப்படும் தவணைக் கணக்கிகளிலும் பல, விகிதத்தைக் கொடுத்தால் தவணையைச் சொல்லுமே தவிர, தவணையைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்வதில்லை. கடன் வாங்குபவருக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் பின்னதுதான். ஆகவே எந்த நிறுவனத்தின் கருவியானாலும், பழையதானாலும் புதியதானாலும், வட்டி விசை எவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்பதே முதல் கேள்வி.

பழைய கருவிகளைப் பற்றி முதலில் பார்ப்போம். ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் 1973இல் ஹெச்.பி. 80 என்ற கையடக்க நிதிக் கணிப்பானை 395 டாலர் விலையில் வெளியிட்டது. வட்டி அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு விந்தையாகவே இருந்திருக்கும். சிவப்பு எண்கள் ஒளிரும் அக்கருவி இன்றும் சேகரிப்பாளர்களிடையே கைமாறுகிறது. பார்க்க அழகானது, ஆனால் வேலைக்கு வாங்காதீர்கள். அக்காலத்து மின்னேற்ற மின்கலங்கள் செயலிழந்திருக்கும். அவற்றிலிருந்து கசிந்த திரவம் உள்ளிருக்கும் உலோகத்தை அரித்திருக்கவும் கூடும்.

1981இல் வந்த ஹெச்.பி. 12 சி கதையே வேறு. படுக்கை வாக்கில் அமைந்த, சட்டைப் பையில் அடங்கும் இக்கருவி நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் ஏறத்தாழ அதே தோற்றத்தில் புதிதாக விற்கப்படுகிறது. எனவே இதில் 'பழையது' என்பதற்கும் 'புதியது' என்பதற்கும் இடையே பெரிய சுவர் இல்லை. நான் என்னுடையதை மும்பை லேமிங்டன் சாலையின் சந்துக் கடை ஒன்றில், முந்தைய உரிமையாளரின் பெயர் கீறப்பட்ட தோலுறையோடு வாங்கினேன். விசைகள் அழுத்தும்போது விரலுக்குத் தெளிவாகத் தெரியும், எழுத்துகள் தேய்வதில்லை. இவ்விரண்டுக்காகவே இன்னொரு முறையும் வாங்குவேன்.

பழைய 12 சி வாங்குவோர் கடையிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் மின்கல அறையைத் திறந்து பச்சை நிறப் படிவு இருக்கிறதா எனப் பாருங்கள். தொடக்க காலக் கருவிகள் மூன்று சிறு பொத்தான் மின்கலங்களில் இயங்கின; சி.ஆர். 2032 வகை மின்கலங்கள் இரண்டைக் கொண்டவை 2008க்குப் பிந்தைய, பன்மடங்கு வேகமான வகை. பின்புற வரிசை எண்ணின் முதல் இரு இலக்கங்களோடு 1960ஐக் கூட்டினால், பழைய கருவிகளில் தயாரிப்பு ஆண்டு கிடைக்கும். 21 எனத் தொடங்கினால் 1981. பிறகு ஆன் விசையை அழுத்தியபடியே பெருக்கல் விசையையும் அழுத்தி, முதலில் ஆன் விசையையும் அடுத்துப் பெருக்கல் விசையையும் விடுங்கள். சில விநாடிகளில் திரை முழுவதும் எட்டுகள் நிரம்பினால் கருவி நலம். 'எரர் 9' என வந்தால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

துல்லியத்தைச் சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது. கணிப்பான்களின் கணிதத்தில் பெரும் பங்காற்றிய வில்லியம் கஹன் என்ற, கனடாவில் பிறந்த பேராசிரியர் பரவச் செய்த கணக்கு அது. அதை நம் நாணயத்தில் சொல்கிறேன். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில், விநாடிக்கு ஒரு பைசா வீதம் ஓராண்டு முழுவதும் சேமிக்கிறீர்கள்; ஒவ்வொரு விநாடியும் கூட்டு வட்டி. ஆண்டு முடிவில் எவ்வளவு இருக்கும்? ஓராண்டில் 3,15,36,000 விநாடிகள். போட்ட பணம் மட்டும் 3,15,360 ரூபாய். சரியான விடை 3,31,667 ரூபாயும் ஒரு பைசாவுக்கும் குறைவான சிறு பின்னமும். உள்ளே போதிய இலக்கங்களை வைத்துக் கணக்கிடாத சில பழைய கருவிகள் இக்கேள்விக்கு ஆயிரக்கணக்கான ரூபாய் விலகிய விடையைத் தந்தன. 12 சி பிசகாமல் விடை தரும். யாரும் விநாடிக்கு ஒரு பைசா சேமிப்பதில்லைதான். ஆனால் மிகச் சிறிய விகிதத்தையும் மிகப் பெரிய தவணை எண்ணிக்கையையும் ஒருசேரத் தாங்கும் கருவி, வீட்டுக் கடன் கணக்கில் தடுமாறாது.

12 சியின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதில் சமக் குறி விசை கிடையாது. இரண்டும் மூன்றும் கூட்ட, முதலில் இரண்டு, பிறகு என்டர், பிறகு மூன்று, இறுதியில் கூட்டல் விசை என அழுத்த வேண்டும். ஒரு வாரம் எரிச்சலூட்டும். பழகியபின் மற்றக் கருவிகள் எரிச்சலூட்டும். வீட்டில் பலரும் எடுத்துப் பயன்படுத்தும் கருவி தேவையென்றால் இது வேண்டாம்.

இரண்டாவது குறை நுட்பமானது. 10 இலட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 8,678 ரூபாய். தொடக்கம் முதலே 10,000 ரூபாயாகக் கட்டினால் கடன் எத்தனை மாதத்தில் முடியும்? சரியான விடை 174.57 மாதங்கள். 12 சி எண்ணிக்கையை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி 175 என்றே காட்டும். கடைசித் தவணை மற்றவற்றைவிடச் சிறியது என்பதை அது நமக்குச் சொல்லாது. இக்கணக்கைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பில்லை. மாதம் 1,322 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 65 மாதத் தவணைகள் மிச்சம் என்பதே நாம் அறிய வேண்டியது. ஆனால் எண்ணிக்கையைப் பின்னமாகவே வேண்டுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி, இன்று கிடைக்கும் பிற கருவிகள். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பி.ஏ. 2 பிளஸ், கேசியோவின் எஃப்.சி. 200 வி ஆகியவற்றையே பெரும்பாலோர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வெளிநாட்டு மதிப்புரைகளைப் படித்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நம் வங்கிகள் கணக்கிடும் முறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கடன் தவணை மாதந்தோறும். வைப்புத் தொகைக்கான கூட்டு வட்டியோ பொதுவாகக் காலாண்டுக்கு ஒரு முறை. ஒரு இலட்சம் ரூபாயை 7 சதவீதத்தில் ஓராண்டு வைத்தால் 1,07,000 அல்ல, 1,07,186 ரூபாய் கிடைப்பது இதனால்தான். மாதந்தோறும் பணம் கட்டி, காலாண்டுக்கு ஒரு முறை வட்டி சேரும் சேமிப்பைக் கணக்கிட வேண்டுமானால், 'ஆண்டுக்கு எத்தனை தவணை', 'ஆண்டுக்கு எத்தனை முறை கூட்டு வட்டி' என இரண்டையும் தனித்தனியே ஏற்கும் கருவி வேண்டும். டெக்ஸாஸ், கேசியோ இரண்டும் ஏற்கின்றன. 12 சி ஏற்காது. 7 சதவீதக் காலாண்டு வட்டியை மாதத்திற்கு 0.58 சதவீதம் என நாமே மாற்றி இட வேண்டும்.

டெக்ஸாஸ் கருவியில் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டுக்கு 12 தவணை என இட்டவுடன் கூட்டு வட்டியின் எண்ணிக்கையையும் அதுவே 12 ஆக்கிவிடும். அடுத்து அதை 4 என மாற்ற மறந்தால் விடை தவறும். மேலும், ஐந்து விசைகளின் மதிப்புகளை அழித்தாலும் இவ்விரு அமைப்புகளும் அழிவதில்லை. நேற்றைய கடன் கணக்கின் 12, இன்றைய வைப்புக் கணக்கில் ஓசையின்றி அமர்ந்திருக்கும். கேசியோவில் எல்லா மதிப்புகளும் பெயரோடு திரையில் வரிசையாக நிற்பதால் இத்தகைய தவறு கண்ணில் பட்டுவிடும். இந்த ஒரு காரணத்தினாலேயே, வீட்டு உபயோகத்திற்குக் கேசியோவையே நான் பரிந்துரைப்பேன்.

எந்தக் கருவியிலும் புதியவர்களை முதலில் குழப்புவது கூட்டல் கழித்தல் குறிதான். நம் கைக்கு வரும் பணம் கூட்டல். கையைவிட்டுப் போகும் பணம் கழித்தல். கடன் தொகையைக் கூட்டலாகவும் தவணையைக் கழித்தலாகவும் இட வேண்டும். இரண்டையும் ஒரே குறியில் இட்டால் விடைக்குப் பதில் பிழைச் செய்திதான் வரும். கருவி கெட்டுவிட்டதென்று பலர் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வது இந்த இடத்தில்தான்.

அரசுப் பத்திரங்களில் முதலீடு செய்வோருக்கு ஒரு சொல். நம் அரசின் கடன் பத்திரங்களுக்கு மாதம் 30 நாள், ஆண்டு 360 நாள் என்ற கணக்கே வழக்கம். 12 சியில் உள்ள பத்திரக் கணக்கு உண்மையான நாட்களையே எண்ணும். மற்ற இரண்டிலும் 360 நாள் முறையைத் தெரிவு செய்யலாம். தேர்வு எழுதும் இளைஞர்கள் விதிமுறையைப் படித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். சி.எஃப்.ஏ. தேர்வில் டெக்ஸாஸ் பி.ஏ. 2 பிளஸ், ஹெச்.பி. 12 சி ஆகிய இரு குடும்பங்களுக்கு மட்டுமே அனுமதி, கேசியோவுக்கு இடமில்லை. நம் நாட்டுப் பட்டயக் கணக்கர் தேர்வுகளிலோ எளிய கணிப்பான் மட்டுமே செல்லும்.

கைப்பேசி இருக்க இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 12 சியைப் போலவே இயங்கும் செயலிகள் உள்ளன. எப்போதாவது ஒரு முறை கணக்குப் பார்ப்பவருக்கு அதுவே போதும். ஆனால் கடன் கொடுப்பவர் எதிரில் அமர்ந்திருக்கும்போது, அழைப்பும் குறுஞ்செய்தியும் குறுக்கிடாத ஒரு கருவி கையில் இருப்பது தனி வசதி. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன்களுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான காலக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை வழங்க வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். அதை நீங்களே சரிபார்க்கலாம். மேற்சொன்ன 10 இலட்சம் ரூபாய்க் கடனில் 10,000 ரூபாய் செயலாக்கக் கட்டணமாகப் பிடிக்கப்பட்டால், இன்றைய மதிப்பு என 9,90,000 ரூபாயை இட்டு, அதே 8,678 தவணைக்கு வட்டி விசையை அழுத்துங்கள். மாத விகிதத்தை 12 ஆல் பெருக்கினால் 8.5 என்பது 8.64 ஆகியிருக்கும். எங்கள் வங்கியின் அறிக்கையையும் இவ்வாறே சோதிக்கலாம். அதற்காக எந்த அதிகாரியும் முகம் சுளிக்கக் கூடாது.

அந்த ஆசிரியர் கேசியோவையே வாங்கினார். வண்டிக் கடன் எங்களிடமே எடுத்தார். ஒரு மாதம் கழித்து, தம் வைப்புச் சான்றுகள் அனைத்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளைக்கு வந்தார். வீட்டில் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்த்ததாகவும், முதிர்வுத் தொகை எல்லாவற்றிலும் ரூபாய்க்கு ரூபாய் சரியாக இருப்பதாகவும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் இருந்ததாகவே எனக்குத் தோன்றியது.