தென்னைக்கு ஏன் திசு வளர்ப்புக் கன்று இல்லை?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அங்கிருந்து வரும் மாணவன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் திசு வளர்ப்புப் பாடத்தின்போது கேட்டான்: "எங்க தோப்புல ஒரு மரம் மட்டும் சாயாம நிக்குது சார். நல்லா காய்க்கும். வாழைக்கு எடுக்குற மாதிரி அதுக்கும் லேப்ல கன்னு எடுக்கலாமா?"

முழுஆக்குத்திறன் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, 'முடியாது' என்று எப்படிச் சொல்வது?

வாழை இயல்பாகவே பக்கக்கன்று விடும் பயிர். கன்றின் நுனிக்குருத்தைக் கிருமி நீக்கி, சைட்டோகைனின் கலந்த ஊடகத்தில் வைத்தால், கொல்லையில் மெதுவாகச் செய்வதைப் புட்டிக்குள் வேகமாகச் செய்கிறது. வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் தேக்கும் இதற்கு இசைந்தது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 1980-லேயே தேக்கில் இதை வெளியிட்டுவிட்டார்கள்.

தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. காண்டாமிருக வண்டு குருத்தை முற்றிலும் அழித்துவிட்டால் மரமே பட்டுப்போகும் என்பது டெல்டா பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மட்டையின் கோணத்தில் இருக்கும் மொட்டும் கிளையாகாமல் பாளையாகிவிடுகிறது. ஆகவே மரத்தைக் கொல்லாமல் பிரிகூறு எடுக்க வேண்டுமானால் விரியாத பாளைதான் வழி. அந்தத் துண்டு ஊடகத்தில் எளிதில் பழுப்பேறிவிடும். கேலஸ் உண்டானாலும் கன்றாகி மண்ணுக்கு வருபவை மிகச் சில. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகளாக இதில் உழைத்து வருகிறது.

2021-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்னையின் நுனிக்குருத்து ஆதிக்கத்தைத் தடுத்து, புட்டிக்குள் பக்கக் குருத்துகளை வரவழைத்தார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அவர்கள் தொடங்கியது தேங்காயின் கருவிலிருந்து. பெருகுவது மரத்தின் நகல் அல்ல, அதன் பிள்ளையின் நகல்.

இதை வகுப்பில் சற்று நின்று விளக்குவது நல்லது. நெட்டைத் தென்னை அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது. தாய் தெரியும், தந்தை எந்தத் தோப்போ! நகலும் எப்போதும் அச்சு அசலாக இருப்பதில்லை. எண்ணெய்ப்பனையில் திசு வளர்ப்பு மரங்கள் சில உருக்குலைந்த காய்களைத் தந்தன. குறை தெரிந்தது மரம் பூத்துக் காய்த்த பிறகுதான்.

மாணவனிடம், அந்த மரத்தின் முற்றிய நெற்றுகளை நிறைய எடுத்து நாற்றங்காலில் வைத்து, முந்தி முளைத்து வாட்டசாட்டமாக வளர்பவற்றை மட்டும் நடச் சொன்னேன். இருபது நெற்று வைத்திருக்கிறானாம். எது தாயைப்போல் காய்க்கும் என்று தெரிய ஆறேழு ஆண்டுகள் ஆகும்.