வயதானால் அப்படித்தானா?

உங்கள் மாமியாரைச் சற்றுக் கவனியுங்கள். போன வருஷம் வரை, டிக்காக்‌ஷன் தண்ணீராக இருந்தால் காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்தவர், இப்போது எதைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக் கொள்கிறாரா? "அப்பாடா, சாதுவாகி விட்டார்!" என்று சந்தோஷப்பட்டு விடாதீர்கள். அது மனச்சோர்வு என்ற வியாதியாகவும் இருக்கலாம்.

இந்த வியாதி வந்த முதியவர்கள் பலர் அழுவதில்லை. "மனசு சரியில்லை" என்று சொல்வதுமில்லை. "முட்டி வலிக்கிறது, வயிறு மந்தமாயிருக்கிறது, மூன்று மணிக்கே விழிப்பு வந்து விடுகிறது" என்பார்கள். சாப்பாடு குறையும்; உடம்பு இளைக்கும். பூத் தொடுப்பது, பேரனுக்குக் கதை சொல்வது என்று பிடித்த காரியங்கள் ஒவ்வொன்றாக நின்று போகும். ஞாபக மறதிகூட வரலாம். மனச்சோர்வு நீங்கினால் பலருக்கு அந்த மறதியும் குறைகிறது.

"வயசாச்சு, அப்படித்தான்" என்கிறீர்களா? இல்லை, சகோதரிகளே! முதுமை வேறு, இந்த வியாதி வேறு. இதற்கு வைத்தியம் உண்டு.

இரண்டு வாரம் இப்படியே நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் சாப்பிடும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சில மருந்துகளும், தைராய்டுக் குறைவும், பி12 வைட்டமின் பற்றாக்குறையும் இதே சோர்வைத் தரக்கூடும். 'ஆமாம், இல்லை' என்று பதில் சொல்லும் 15 கேள்விகளைக் கேட்டும் டாக்டர்கள் இதைக் கண்டுபிடிப்பதுண்டு.

மனம் விட்டுப் பேச வைக்கும் சிகிச்சை உண்டு, மாத்திரையும் உண்டு. ஆனால் தலைவலி மாத்திரை போல் இது உடனே கேட்காது. நன்றாகக் குணம் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகலாம். அதற்குள் நிறுத்தி விடாதீர்கள். குணமான பிறகும் டாக்டர் சொல்லும் வரை கொடுங்கள். இடையில் தலைசுற்றலோ, பேச்சில் குழப்பமோ கண்டால் உடனே அவரிடம் சொல்லுங்கள்.

"நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?" என்று அவர் சொன்னால், புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். அருகில் உட்கார்ந்து, "செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா, அம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் வந்து விடாது. 'ஆமாம்' என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற இலவச அரசாங்கத் தொலைபேசி, 14416, இரவு பகல் எந்நேரமும் பதில் சொல்லும், தமிழிலேயே பேசலாம்.

பிறகு ஒரு நாள் காலை, "என்னடி இது, காப்பியா, கழுநீரா?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். கோபித்துக் கொள்ளாதீர்கள். புது டிக்காக்‌ஷன் இறக்கி, இன்னொரு தம்ளர் கலந்து கொண்டு போய்க் கொடுங்கள்!